உரிமையாளர் வீட்டை விற்கிறார்: காலி செய்ய வேண்டுமா, அட்வான்ஸை யாரிடம் கேட்பது?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் சென்னை வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. மாநகராட்சி எல்லைக்குள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், கணவர், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன், பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கும் மாமனார் ஆகியோருடன் ஒன்பது ஆண்டுகளாக அவர் வாடகைக்குக் குடியிருக்கிறார். இப்போதைய மாத வாடகை 15,000 ரூபாய். குடிவந்தபோது முத்திரைத்தாளில் பதினொரு மாத ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. அட்வான்ஸ் 60,000 ரூபாய் என்று அதில் இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து வாடகையை உயர்த்தியபோது உரிமையாளர் மேலும் 60,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். அதற்கு ரசீது இல்லை. ஒப்பந்தமும் அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை.

கடந்த அக்டோபர் தொடக்கத்தில் உரிமையாளர் நேரில் வந்து, வீட்டை விற்கப் பேசி முடித்துவிட்டதாகவும், டிசம்பர் முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்றும், அட்வான்ஸை வாங்கப்போகிறவர் கொடுத்துவிடுவார் என்றும் சொல்லிப் போயிருக்கிறார். அன்றிலிருந்து வாங்குகிறவரின் உறவினர்கள், வங்கியின் மதிப்பீட்டாளர், வாஸ்து பார்ப்பவர் என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறார்கள். மாமனார் படுத்திருக்கும் அறைக்குள்ளும் நுழைந்து செல்போனில் படமெடுத்துப் போகிறார்கள். அக்கம்பக்கத்தார் மூன்று யோசனைகள் சொல்லியிருக்கிறார்கள்: ஒன்பது வருடம் இருந்தவர்களை யாராலும் அசைக்க முடியாது, விற்பதென்றால் முதலில் குடியிருப்பவருக்குத்தான் விற்க வேண்டும், வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவதை ஏற்று அக்டோபர், நவம்பர் இரண்டு மாதங்களும் வாசகி வாடகை கொடுக்கவில்லை. மகனின் பொதுத்தேர்வு முடியும்வரையாவது அங்கே இருக்க முடியுமா, அட்வான்ஸ் முழுதாகக் கைக்கு வருமா என்று கேட்கிறார்.

அன்புள்ள அம்மா,

வீடு விற்கப்படுவதைப் பற்றி மூன்று பக்கங்களுக்கு மேல் எழுதிய நீங்கள், வாடகையை நிறுத்தியதைக் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நிறுத்திய வாடகையை இந்த வாரமே கட்டுங்கள்

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான உறவை இப்போது நிர்ணயிப்பது, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017. இது 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அத்தோடு போய்விட்டது. உங்கள் பக்கத்து வீட்டார் சொல்வதில் பாதி, அந்தப் பழைய சட்டத்தின் காலத்தில் வழக்குகள் தலைமுறைக் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த நாள்களின் நினைவு. புதிய சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஒரு வாடகைதாரரை வெளியேற்றும்படி வாடகை நீதிமன்றம் எந்தெந்தக் காரணங்களுக்காக ஆணையிடலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. வீட்டை விற்க வேண்டும் என்பது அந்த வரிசையில் ஒரு தனிக் காரணமாக இல்லை. இரண்டு மாத வாடகைப் பாக்கி என்பது அந்த வரிசையில் இருக்கிறது. அதாவது, அக்டோபர் தொடக்கத்தில் உரிமையாளரிடம் இல்லாத ஒரு காரணத்தை நீங்களே அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அட்வான்ஸ் என்பது முன்கூட்டிக் கொடுத்த வாடகை அல்ல. காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித்தர வேண்டிய பிணைத்தொகை. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அதில் வாடகையைக் கழித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இல்லை. பாக்கியைக் கட்டித் தீர்க்கச் சட்டம் வாய்ப்பளிக்கிறது என்றாலும், அதற்கான நோட்டீஸ் வரட்டும் என்று காத்திராதீர்கள். 30,000 ரூபாயையும் வங்கி வழியாக அனுப்பி, எந்தெந்த மாதத்துக்கான வாடகை என்று குறிப்பிடுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். அவர் வாங்க மறுத்தால் மணியார்டர் போன்ற சான்றுள்ள வழியில் தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் ஏற்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியே அந்தப் பொறுப்பில் இருப்பார்.

வீடு கைமாறினால் வாடகை உறவு முறிந்துவிடுமா?

முறியாது. சொத்து மாற்றுச் சட்டம், 1882இன் 109ஆம் பிரிவின்படி, வாடகைக்கு விடப்பட்ட சொத்தை வாங்குகிறவர் பழைய உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார். நேற்றுவரை அவருக்குக் கொடுத்த வாடகையை நாளை முதல் இவருக்குக் கொடுப்பீர்கள். உங்களை வெளியேற்ற அவருக்கு என்ன வழி இருந்ததோ, அதே வழிதான் இவருக்கும். குடியிருப்பவர் இருப்பது தனக்குத் தெரியாது என்றும் இவர் சொல்ல முடியாது. வீட்டில் ஒருவர் இருப்பதே, அவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை வாங்குகிறவர் அறிந்திருந்ததற்குச் சமம் என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு கொள்கிறது. விற்பனை நடந்தது தெரியாமல் பழைய உரிமையாளருக்கே ஒரு மாத வாடகையைக் கொடுத்துவிட்டால், அதைப் புதியவருக்கு இன்னொரு முறை கொடுக்க வேண்டியதும் இல்லை.

ஆகவே முதலில், விற்பனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த வீட்டின் வில்லங்கச் சான்றை, அதாவது அதன்மீது பதிவான பத்திரங்களின் பட்டியலை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கிரயப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பெரும்பாலும் இப்போதைக்குக் கிரய ஒப்பந்தம் மட்டுமே போட்டிருப்பார்கள். பதிவு செய்யாத ஒப்பந்தமாக இருந்தால் வில்லங்கத்தில் வராது. கிரயம் முடியும்வரை உங்கள் உரிமையாளர் பழையவர்தான். வாங்கப்போகிறவர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் உங்களுக்குக் கெடு விதிக்க இடமில்லை.

இதுவரை சொன்னது உங்களுக்குச் சாதகமானது. சாதகமில்லாததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் இல்லாததே வெளியேற்றத்துக்கு ஒரு காரணம் என்று அதே 21ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் எழுதப்பட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை விதி. உங்களிடம் இருப்பது எப்போதோ காலாவதியான பதினொரு மாதத் தாள். புதிய உரிமையாளர் நாளை வாடகை நீதிமன்றத்துக்குப் போனால், எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றோ, தன் குடும்பம் குடியேற வீடு தேவை என்றோ கேட்கலாம். அந்த வழக்கில் உங்கள் பக்கம் வலுவானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாத தவறு இருவருடையது. ஆனால் அதன் சுமை பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் இறங்குகிறது. சட்டத்தின் இந்தப் பகுதி வாடகைதாரருக்கு நியாயமற்ற அளவுக்குக் கடுமையானது என்பது என் கருத்து. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

எவ்வளவு வலுவான வழக்கு கையில் இருந்தாலும், நீதிமன்றத்தின் ஆணை இல்லாமல் உங்களை வெளியேற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. டிசம்பர் 31 என்று அவர் வாயால் சொன்ன தேதிக்கு, அவருடைய விருப்பம் என்பதைத் தாண்டிய மதிப்பு இல்லை. பூட்டை மாற்றுவது, மோட்டாரை நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டிப்பது ஆகியவை அனைத்தும் சட்ட விரோதம். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் உடனடி இடைக்கால உத்தரவு கேட்கலாம். மீறி வெளியேற்றப்பட்டால், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், 1963இன் 6ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து வீட்டின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, திரும்பப் பெற வழி உண்டு. காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் மரியாதையாகப் போய், இது உரிமையியல் விவகாரம், வாடகை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது என்று சொல்லுங்கள். அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்பது ஆண்டு, முதல் உரிமை: இரண்டு தவறான நம்பிக்கைகள்

எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். பன்னிரண்டு ஆண்டு அனுபவித்தால் சொத்து சொந்தமாகிவிடும் என்று பேசிக்கொள்வது எதிரிடை அனுபோகத்தைப் பற்றியது. அது உரிமையாளரின் உரிமையை மறுத்து, அவருக்கு எதிராக இருப்பவரைக் குறித்த விதி. மாதாமாதம் வாடகை கொடுத்து அவரை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

முதலில் உங்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், அடுத்தவர் நிலத்தை வாடகைக்கு எடுத்து அதில் தன் செலவில் கட்டடம் கட்டியவர், அந்த நிலத்தைத் தனக்கு விற்கும்படி நீதிமன்றத்தில் கேட்க வழி செய்யப்பட்டது. பழைய சென்னையில் அடிமனை வாடகைக்கு இருந்த பல குடும்பங்கள் அதனால் பயன்பெற்றன. அது மனைக்கு வாடகை கொடுத்தவர்களின் கதை; கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு அதில் இடமில்லை. வாங்கும் வசதி இருந்தால் தாராளமாகக் கேட்டுப் பாருங்கள். ஆனால் உரிமை என்று கேட்காதீர்கள்.

அட்வான்ஸ்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலையளிப்பது இதுதான். புதியவர் கொடுத்துவிடுவார் என்று உரிமையாளர் சொன்னதற்கு நீங்கள் சரி என்று தலையாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை என்பதால் நிம்மதியடைகிறேன். ஏனென்றால் முன்பு குறிப்பிட்ட 109ஆம் பிரிவில் வாடகைதாரருக்குச் சாதகமான ஒரு நுட்பம் இருக்கிறது. சொத்தை விற்றுவிட்டேன் என்ற ஒரே காரணத்தால் பழைய உரிமையாளர் தன் பொறுப்புகளிலிருந்து விடுபட்டுவிட முடியாது. புதியவரே எனக்குப் பொறுப்பு என்று வாடகைதாரர் தாமாக முடிவெடுத்து ஏற்றுக்கொண்டால்தான் பழையவர் விடுபடுவார். தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. கிரயம் நடக்கும் நாளில் பதற்றத்தோடு ஒரு தாளை நீட்டி, "அட்வான்ஸ் விஷயத்தில் இனி எனக்கும் பழைய உரிமையாளருக்கும் சம்பந்தமில்லை" என்ற பொருளில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார்கள். அந்தத் தாளில் உங்கள் அட்வான்ஸ் 60,000 ரூபாய் என்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மீதி 60,000 ரூபாயை வாங்கியவர் கையைக் கழுவிவிடுவார். புதியவரோ, எனக்கு விற்றவர் சொன்னது இவ்வளவுதான் என்பார்.

எனவே கிரயம் முடிவதற்கு முன்பே, இப்போதே, முழுத் தொகையையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். வக்கீல் நோட்டீஸ் இதற்குத் தேவையில்லை. நோட்டீஸ் கண்டவுடன் எதிராளியும் வக்கீலிடம் ஓடுவார், பிறகு எந்த உண்மையும் எளிதில் ஒப்புக்கொள்ளப்படாது. பாக்கி வாடகையை அனுப்பிய கையோடு வாட்ஸ்அப்பில் இயல்பான ஒரு செய்தி போடுங்கள்: "அக்டோபர், நவம்பர் வாடகை 30,000 ரூபாய் இன்று அனுப்பியிருக்கிறேன். எங்கள் அட்வான்ஸ் 1,20,000 ரூபாய் உங்களிடம் இருக்கிறது. வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருப்பதால் அதை எப்போது தருவீர்கள் என்று தெரிந்தால் வசதியாக இருக்கும்." அவர் சரி என்றோ, பார்க்கலாம் என்றோ, வாங்குகிறவர் தருவார் என்றோ பதில் போட்டாலும் தொகையை மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும். அந்த உரையாடலை அழித்துவிடாமல் பாதுகாத்து வையுங்கள். கூடுதல் தொகையைக் கொடுத்த நாளையொட்டி உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால், அல்லது நகையை அடகு வைத்திருந்தால், அந்தச் சீட்டையும் தேடி எடுங்கள்.

வேறோர் ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித்தர வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் வாடகைக்கு மூன்று மாதம் என்றால் 45,000 ரூபாய். நீங்கள் கொடுத்திருப்பதோ எட்டு மாத வாடகை. இதை வைத்து இப்போது சண்டை போடச் சொல்லமாட்டேன். ரொக்கமாக வாங்கிய தொகைக்குக் காகிதம் தர அவர் ஏன் தயங்கினார் என்பதை மட்டும் இது ஓரளவு விளக்கும்.

பக்கத்து வீட்டார் சொன்ன கழித்துக்கொள்ளும் யோசனைக்கு இங்கேதான் சரியான இடம் வருகிறது. யோசனை தவறில்லை, செய்த முறைதான் தவறு. பாக்கியைக் கட்டித் தீர்த்துவிட்டு, "ஜனவரி முதல் ஏப்ரல் வரையான நான்கு மாத வாடகை 60,000 ரூபாயை அட்வான்ஸில் கழித்துக்கொண்டு, மீதி 60,000 ரூபாயைச் சாவி வாங்கும் நாளில் தாருங்கள்" என்று கேட்டு, அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிட்டால், ரசீதில்லாத தொகை தானாகவே கணக்கில் ஏறிவிடும். கிரயம் அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் வாங்குகிறவரும் அதில் கையெழுத்திட வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிந்தைய மாதங்களின் வாடகை அவருக்குரியது.

வீடு பார்க்க வருகிறவர்கள்

24 மணி நேரம் முன்னதாக, காரணத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவித்த பிறகுதான் உரிமையாளரே உள்ளே வர வேண்டும் என்கிறது சட்டம். தரகருக்கும் வாஸ்து பார்ப்பவருக்கும் அதைவிடக் கூடுதல் சலுகை கிடையாது. ஆனால் கதவையே திறக்கமாட்டேன் என்று நிற்பது உங்களுக்கு உதவாது. சனி, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் வரலாம், முதல் நாளே தெரிவிக்க வேண்டும், நோயாளி இருக்கும் அறையில் படமெடுக்கக் கூடாது என்று அதே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். நியாயமான நேரம் ஒதுக்கியவர் என்ற பெயர் பின்னால் நீதிமன்றத்திலும் உதவும்.

ஏப்ரல் வரை எப்படிக் கேட்பது

பொதுத்தேர்வு முடியும்வரை இருக்கும் சட்ட உரிமை என்று ஒன்று இல்லை. ஆனால் பேரம் பேச உங்களிடம் வலுவான ஒன்று இருக்கிறது. குடும்பத்தோடு குடியேறுவதற்காக வீடு வாங்குகிறவர் அநேகமாகக் காலி சுவாதீனம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார். அது கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியைக் கொடுக்காமல் நிறுத்தியும் வைப்பார். நீங்கள் வழக்குக்குப் போனால் வெல்வீர்களா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. மாதங்கள் ஓடும் என்பதுதான் அவர்களின் கவலை. ஆகவே நிச்சயமான ஒரு தேதிக்குக் காலி செய்வதாக நீங்கள் தரும் உறுதி அவர்களுக்கு விலைமதிப்புள்ளது. அதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் பற்றிய எழுத்து கைக்கு வராமல், இன்ன தேதிக்குக் காலி செய்கிறேன் என்று தனியாக எழுதித் தரவும் வேண்டாம். உங்கள் வாக்கை நம்பி அவர் கிரயத் தேதி குறித்துவிட்ட பின் நீங்கள் பின்வாங்கினால், நீதிமன்றம் உங்களை அனுதாபத்தோடு பார்க்காது. தேதி கடந்து தங்கும் காலத்துக்கு வாடகையின் மடங்குக் கணக்கில் இழப்பீடு கேட்கவும் அவருக்கு வழி பிறக்கும்.

நேரில் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிப் பாருங்கள். அவர் குறித்த கெடு மார்கழியில் முடிகிறது. மார்கழியில் யாரும் வீடு மாற்றுவதில்லை. பால் காய்ச்சுவதும் இல்லை. சட்டப் புத்தகத்தில் மார்கழிக்கு இடமில்லை என்றாலும், வாஸ்து பார்த்து வீடு வாங்குகிறவர் எப்படியும் தைக்கு முன்பு குடிவரமாட்டார் என்பது உங்கள் பேச்சுக்கு உதவும். தையிலிருந்து ஏப்ரல் இறுதிவரை மூன்றரை மாதம்தான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கும் இணங்காவிட்டால், பிப்ரவரியில் நெருக்கடியில் அலைவதைவிட, பள்ளிக்கு அருகில் இப்போதே ஒரு வீடு பார்த்து ஜனவரி பிற்பாதியில் மாறிவிடுவது மகனுக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன். மாமனாரை இரண்டாம் தளத்திலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றவும் அது ஒரு வாய்ப்பு. வழக்கு நடத்தி ஏப்ரலைத் தொட முடியலாம்; ஆனால் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் சம்மன் வந்து விழுவதை நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

இணக்கம் ஏற்பட்டால், பேசியதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: காலி செய்யும் தேதி, அட்வான்ஸ் 1,20,000 ரூபாய் என்ற தொகை, அதில் கழிப்பது எவ்வளவு, கையில் தருவது எவ்வளவு, யார் தருவது. உரிமையாளர், வாங்குகிறவர், நீங்கள் மூவரும் கையெழுத்திடுங்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. உங்கள் பழைய ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடித்தம் உண்டா இல்லையா என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நாளில் மின்மீட்டர் அளவையும் ஒவ்வோர் அறையையும் படமெடுங்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய செய்தி செல்போனில் வந்ததைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.